பொதிசோறும் திருக்கைத்தொண்டும்

திருமுனைப்பாடி நாட்டிலே, திருவாமூர் என்னும் பதியிலே, வேளாண்குடியில் குறுக்கையர் மரபிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் திருமகனாராகத் தோன்றி, கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சைவம் தழைக்கச் செய்தருளியவர் திருநாவுக்கரசு நாயனார். அவர்தம் பதிகப் பெருமையும், கல்லே மிதவையாகக் கடல் கடந்த அற்புதமும் அன்பர் யாவரும் அறிந்தனவே. ஆயின் அப்பெருமானாருடைய திருச்சரிதம் முழுவதும் அன்னத்தொண்டு ஓர் இழையாக ஓடுகின்றது என்பதும், அவ்விழை முதுமையின் பசியைத் தொட்டு நிற்கின்றது என்பதும் திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் சிந்திக்கத்தக்கன.

மருள்நீக்கியார் என்பது அவர்க்குப் பிள்ளைத் திருநாமம். இளமையிலேயே தந்தையாரையும் தாயாரையும் இழந்தார். தமக்கையார் திலகவதியாரோ தமக்கென நிச்சயிக்கப்பெற்ற கலிப்பகையாரைப் போர்க்களத்தில் இழந்தும், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கினார். செல்வத்தின் நிலையாமையை அவ்விளவயதிலேயே கண்டுகொண்ட மருள்நீக்கியார், இருந்த பொருளைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளந் தொட்டார், வந்தார்க்கெல்லாம் விருந்தளித்தார் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். சமண் சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பூண்டதும், சூலை நோயால் வருந்தியதும், திருவதிகை வீரட்டானத்திலே தமக்கையார் அளித்த திருநீற்றால் உய்ந்ததும் அதன் பின்னர் நிகழ்ந்தன. நெறி மாறுமுன்னரே கொடை இருந்தது. நெறி திரும்பிய பின்னர் அக்கொடை தொண்டாய்க் கனிந்தது.

மீண்டுவந்த நாயனாரின் திருக்கரத்தில் உழவாரம் ஏறியது. திருக்கோயில்தோறும் புல் செதுக்கித் திருவீதி துலக்குவதே அவர் பணி. அக்கரம் தளராத காலத்திலேதான் திங்களூரிலே அப்பூதியடிகள், தாம் நேரிற் காணாத நாவுக்கரசரின் பெயராலே தண்ணீர்ப்பந்தரும் அறச்சாலையும் அமைத்திருந்தார். தம் பெயர் எழுதிய பந்தரைக் கண்ட நாயனார், பெருமிதம் கொள்ளவில்லை. செய்தவர் தம் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதிய காரணத்தையே வினவினார். கொடுப்பவன் பெயர் மறைந்து கொடை மட்டும் விளங்குவதே அடியார் நெறி என்பது அங்கே புலப்பட்டது.

திருவீழிமிழலைக்கு நாயனாரும் திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் எழுந்தருளியிருந்த காலத்திலே மழை பொய்த்தது, வற்கடம் வந்தது. பிள்ளையாரோ பால்மணம் மாறாத பருவத்தினர். நாயனாரோ அப்பர் என்று அப்பிள்ளையாராலேயே அழைக்கப்பெற்ற முதியவர். ஊரார் பசியால் வாடுவதைக் கண்டு இருவரும் உளம் நொந்தனர். வீழிநாதர் இருவர்க்கும் கனவிலே தோன்றி, அடியார் பசி தீர நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளுவதாகத் திருவாய்மலர்ந்தருளினார். அவ்வண்ணமே கிழக்குப் பீடத்திலே பிள்ளையார்க்கும் மேற்குப் பீடத்திலே நாயனார்க்கும் காசு வைக்கப்பெற்றது. இரு திருமடங்களிலும் அமுது ஆக்கப்பெற்றது. வந்தார் யாவரும் உண்டனர்.

ஆயினும் ஒரு வேறுபாடு நேர்ந்தது. நாயனார் மடத்திலே உரிய காலத்தில் அடியார் உண்டெழ, பிள்ளையார் மடத்திலே அமுது காலந் தாழ்த்தது. காரணம் வினவியபோது, தம் காசுக்கு வணிகர் வட்டம் கேட்கின்றனர் என்றும், நாயனார் காசை அவ்வாறின்றி ஏற்கின்றனர் என்றும் பணிசெய்வோர் விண்ணப்பித்தனர். நாயனார் கைத்தொண்டு செய்கின்றார். ஆதலின் அவர் காசில் குறைவில்லை என்று பிள்ளையார் உணர்ந்தருளினார். பின்னர்ப் பதிகம் பாடி வேண்டி, வாசியில்லாத காசு பெற்றார். வான் மழை பொழிந்து நாடு செழிக்கும் வரை அவ்வறம் நடந்தது.

இந்நிகழ்ச்சியை நாணயத்தின் ஏற்றத்தாழ்வு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அங்கே வேறுபட்டது காலமே. இளையோர் ஒரு நாழிகை பொறுப்பர்; முதியோர் உடல் பொறாது. உரிய வேளையில் வாராத சோறு, முதியவர்க்குச் சில வேளை வாராத சோறே ஆகும். பொருளோடு உழைப்பும் சேர்ந்தபோதே அமுது வேளை தவறாமல் இலைக்கு வந்தது என்பது இச்சரிதம் காட்டும் உண்மை. அவ்வுழைப்பைத் தந்தவரும் ஒரு முதியவரே என்பது மறக்கற்பாலதன்று.

பின்னும் பல தலங்களை வணங்கிய நாயனார், திருக்கற்குடி, திருப்பராய்த்துறை முதலியவற்றைத் தொழுது, பொன்னியின் வடகரை ஏறித் திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்தார். வழியிலே வெம்மை மிக்கது. பசியும் நீர்வேட்கையும் முதிய திருமேனியை வருத்தின. எத்தனையோ பேர் பசி தீர்த்த அப்பெரியார், தம் பசியை எவரிடமும் உரைத்திலர்; நடையும் நிறுத்திலர். அந்நிலையை அறிந்த இறைவர், வழியிலே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, திருநீறணிந்த அந்தணர் வடிவிலே பொதிசோற்றோடு காத்திருந்தார். நாயனார் அணுகியதும், வழிநடை வருத்தம் மிகுந்ததைத் தாமே கண்டு கூறி, தம்மிடம் உள்ள பொதிசோற்றை உண்டு, குளத்துநீர் பருகி, இளைப்பாறிச் செல்லுமாறு மொழிந்தருளினார். நாயனார் உண்டு இளைப்பு நீங்கினார். அந்தணரும் உடன் நடந்து, திருப்பைஞ்ஞீலியை அடைந்ததும் மறைந்தருளினார். உணவிட்டவர் யாவர் என்று உணர்ந்த நாயனார் நிலமிசை வீழ்ந்து அழுது தொழுதார். இன்றும் திருச்சிராப்பள்ளிக்கு அணித்தான அத்தலத்திலே, கட்டமுது அளித்த விழா சித்திரையிலே கொண்டாடப்பெறுகின்றது.

இறைவர் அங்கே செய்தருளியது தொண்டின் இலக்கணம். கேளாமுன் அறிந்தார்; இருக்குமிடத்திற்கு எதிர்சென்றார்; நீரும் நிழலும் சேர்த்து அளித்தார்; உண்டபின் தனியே விடாது துணை நடந்தார். தம் பெயரை மட்டும் சொல்லிற்றிலர்.

அதன்பின் நாயனார் கயிலை காண விழைந்து, கால் தேய்ந்தும் கையால் தவழ்ந்தும் சென்றார். திருவையாற்றிலே அக்காட்சி பெற்றார். இறுதியில் திருப்புகலூரிலே உழவாரப்பணி புரிந்திருந்தார். அங்கே மண்ணிடைப் பொன்னும் மணியும் விளங்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரி வாவியிலே எறிந்தார். தம் 81ஆம் ஆண்டிலே, சித்திரைச் சதயத்திலே, சிவபெருமான் திருவடி நிழல் சேர்ந்தார். கடைசி நாள் வரையும் கருவி கையினின்று நீங்கவில்லை.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் 100 பேரில் 10 பேருக்கு மேற்பட்டோர் 60 வயது நிரம்பியவர். அவருள் அடுப்பு மூட்ட ஆளில்லாதார் பலர். பல்லும் பார்வையும் தளர்ந்தார் பலர். பிறரிடம் கேட்க நாணி ஒரு வேளையோடு அமைவாரும் உளர். 2002ஆம் ஆண்டில் தமிழகத் திருக்கோயில்களிலே தொடங்கப்பெற்ற நண்பகல் அன்னதானம் இத்தகையோர் பலரைத் தாங்கி வருகின்றது. ஆயினும் கோயில் வாயில் வரை நடக்க இயலாத முதியோர்க்கு அங்குள்ள பந்தி எட்டாது. அவர்க்கு வேண்டுவது திருப்பைஞ்ஞீலி வழியில் நின்றதுபோன்ற ஒரு பொதிசோறும், அதனைச் சுமந்து செல்லும் இரண்டு கால்களுமே.

இராஜகோபுரத்துக்கும் விமானத்துக்கும் பொருள் வழங்கிய புண்ணியர்தம் கொடை வாடாதது. அக்கொடையோடு, வாரத்தில் ஒரு நாள் காய் நறுக்கவும், இலை இடவும், தெருக்கோடியில் தனித்திருக்கும் மூதாட்டியின் வாயிலுக்கு அமுது கொண்டுசென்று அவர் உண்டு முடிக்கும் வரை அருகிருக்கவும் ஒரு நாழிகை ஈவாராயின், அவர்தம் காசுக்கும் வாசியில்லை. முதியவராய் நடந்த நாவுக்கரசரின் பசியைத் தம் பசியாகக் கொண்ட பெருமான், இத்திருக்கோயிலிலும் அத்தொண்டினையே உவந்தேற்று வீற்றிருந்தருள்கின்றான்.

திருச்சிற்றம்பலம்