தாய்லாந்துப் பட்டும் ஜிம் தாம்சனும்

கேமரன் மலையில் வாழும் நம்மில் ஜிம் தாம்சன் என்னும் பெயரைக் கேளாதார் சிலரே. தானா ராத்தாவில் உலாவச் சென்றவர் திரும்பி வரவே இல்லை என்று பெரியோர் கதைபோலச் சொல்வதுண்டு. அந்த ஒரு பிற்பகலைப் பற்றியே பேசிப் பேசி, அதற்கு முன் அவர் வாழ்ந்த 61 ஆண்டுகளை நாம் மறந்துவிட்டோம். அவ்வாண்டுகளைப் பற்றி எழுதவே இங்கு விழைகிறோம்.

தாம்சன் 1906ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் நியூயார்க்கில் கட்டடக் கலைத் துறையில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து, உளவுப் பிரிவில் ஊழியம் புரிந்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் பாங்காக் நகரை அடைந்தார். அந்நகர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தங்கும் விடுதித் தொழிலில் முதலில் ஈடுபட்டார், அது நிலைக்கவில்லை.

அக்காலத்தில் தாய்லாந்தின் கைத்தறிப் பட்டு நலிவுற்றுக் கிடந்தது. வெளிநாட்டு ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தமையால், தலைமுறை தலைமுறையாக நெய்தவர்கள் தறியை விட்டு வேறு வேலை தேடினர். பாங்காக்கில் கால்வாய்க் கரையிலுள்ள பான் குருவா என்னும் குடியிருப்பில் சில குடும்பங்கள் மட்டும் விடாது நெய்து வந்தன. அவர்கள் முன்னோர் கம்போடியாவிலிருந்து வந்த சாம் இனத்து முஸ்லிம்கள். தாம்சன் அவர்களை நாடிச் சென்றார். துவைத்தால் சாயம் கரையும் குறை அப்பட்டில் இருந்தது. அதனை நீக்க, சாயம் போகாத வெளிநாட்டு வண்ணங்களை வரவழைத்துத் தந்தார்.

1947இல் பட்டு மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்றார். வோக் என்னும் புகழ்பெற்ற ஆடையணி இதழின் ஆசிரியை எட்னா சேஸ் அம்மையார் அவற்றைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே தாய்ப் பட்டுக் கம்பெனி தொடங்கப் பெற்றது. 1951இல் நியூயார்க்கில் மேடையேறிய தி கிங் அண்ட் ஐ என்னும் இசை நாடகத்தின் உடைகளுக்கு அப்பட்டே பயன்பட்டது. அதன்பின் அமெரிக்க மக்கள் தாய்லாந்துப் பட்டைக் கேட்டு வாங்கலாயினர்.

இதில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி வேறு. தாம்சன் ஆலை கட்டி நெசவாளரை அதனுள் அழைக்கவில்லை. பெண்கள் தத்தம் வீட்டிலேயே நெய்தனர். உலை வைத்துவிட்டுத் தறியில் அமர்ந்தனர். குழந்தை அழுதால் எழுந்து சென்றனர். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதன் அருமை விளங்கும். கம்பெனியின் பங்குகளில் பாதிக்குமேல் அந்நாட்டவரிடமே இருந்தன. நெசவாளர் சிலரும் பங்குதாரராயினர். காலை வேளைகளில் தாம்சன் கால்வாயைக் கடந்து சென்று, தறிகளைத் தாமே பார்வையிடுவது வழக்கம்.

பான் குருவாவுக்கு எதிர்க்கரையில், பழைய தேக்கு மர வீடுகள் ஆறினை இணைத்துத் தமக்கொரு மனை அமைத்தார். 1959இல் அது நிறைவுற்றது. பழங்காலச் சிலைகளையும் ஓவியங்களையும் அங்குச் சேர்த்து வைத்துப் பிறரும் காணச் செய்தார். எனினும் 1962இல், அவர் விலை கொடுத்து வாங்கிய சில தொன்மையான சிலைகளைத் தாய்லாந்து அரசின் கலைத்துறை எடுத்துக்கொண்டது. தாம்சன் மிகவும் மனம் நொந்தார். ஆயினும் ஒரு நாட்டின் பழஞ்செல்வம் வாங்கியவருக்கே உரியதாகிவிடாது என்பதால், அரசின் செயலிலும் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். அவரது தொண்டினை மதித்து வெள்ளை யானை விருது அளித்ததும் அந்நாட்டு அரசே.

1967ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஈஸ்டர் விடுமுறைக்காகப் பினாங்கு வழியாகக் கேமரன் மலைக்கு வந்தார். அந்நாளில் தாப்பா சாலையன்றி மேலேற வேறு சாலை இல்லை. ஆகவே நம் ரிங்லெட்டைக் கடந்தே அவருடைய கார் சென்றிருத்தல் வேண்டும். சிங்கப்பூர்ச் சீனர் ஒருவரும் அவர்தம் அமெரிக்க மனைவியும் தானா ராத்தாவில் உள்ள தங்கள் மூன்லைட் மாளிகையில் அவரை விருந்தினராக ஏற்றனர். மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. வீட்டார் பகலுணவுக்குப் பின் ஓய்ந்திருந்த வேளையில் தாம்சன் வெளியே நடந்தார். 61 வயது நிறைந்து ஐந்தே நாள்கள் ஆகியிருந்தன.

போலீசாரும் படைவீரரும் காடறிந்த ஓராங் அஸ்லி மக்களும் நாள் கணக்கில் தேடினர். ஒரு தடயமும் அகப்படவில்லை. புலி அடித்ததென்பர் சிலர். கடத்தப்பட்டார் என்பர் சிலர். மெய்யறிந்தார் எவருமிலர். 1974இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

அவருடைய பட்டுக் கம்பெனி அவரோடு மறையவில்லை. பாங்காக்கிலுள்ள தேக்கு மனையும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதன் ஓரமாக ஓடும் கால்வாயின் மறுகரையே பான் குருவா.