டெப்லான் கண்ட ராய் பிளங்கெட்

பயனற்றதென்று பிறர் எறிந்துவிடக் கூடியதொரு பொருளை எறியாமல் நின்று நோக்கிய ஒருவருடைய சரித்திரத்தை நாம் இங்கே சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

ராய் பிளங்கெட் 1910-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒஹையோ மாகாணத்து நியூ கார்லைல் என்னும் ஊரில் பிறந்தார். இந்தியானா மாகாணத்தில் பிரதரன் சபையாரைச் சார்ந்த மான்செஸ்டர் கலாசாலையில் கற்று 1932-இல் பட்டம் பெற்றார். நம்முடையதைப் போலவே திருச்சபையின் ஆதரவில் வளர்ந்த கலாசாலை அது. பின்னர் ஒஹையோ மாகாணச் சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்று, 1936-இல் டாக்டர் பட்டமும் பெற்று, அவ்வாண்டே நியூ ஜெர்சியிலிருந்த டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார்.

குளிர்சாதனங்களுக்கு ஏற்ற புதிய வாயுக்களைத் தேடுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அதன்பொருட்டு டெட்ராபுளோரோஎதிலீன் என்னும் வாயுவைச் சிறிய எஃகு உருளைகளில் அடைத்துக் குளிரில் வைத்திருந்தார். 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி காலை, அவரும் துணைவர் ஜாக் ரீபாக்கும் ஓர் உருளையைத் திறந்தனர், வாயு வரவில்லை. நிறுத்துப் பார்த்தபோது எடையோ குறையவில்லை. உருளையை அறுத்தனர். உள்ளே மெழுகுபோல் வழவழப்பான வெண்பொடி படிந்திருந்தது.

கெட்டுப்போன சரக்கென்று ஒதுக்கிவிட்டு, வேறோர் உருளையை எடுத்து அவர் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அப்பொடியைப் பலவாறு சோதித்தார். கடும் அமிலங்களும் அதனைத் தீண்டவில்லை. அறிந்த திரவம் எதிலும் அது கரையவில்லை. 1941-இல் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. யுத்தகாலத்தில் அணுகுண்டு முயற்சியில், யுரேனியத்தின் அரிக்கும் வாயுவைத் தாங்க அது பயன்பட்டது. டெப்லான் என்னும் பெயரோடு பின்னர் சமையலறைக்கும் வந்தது.

பிளங்கெட்டோ அதனோடு தங்கவில்லை. பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்க்கையின் உற்பத்தியிலும், பின்னர் குளிர்வாயுக்களின் துறையிலும் உழைத்து 1975-இல் ஓய்வு பெற்றார். அந்த ஈயச் சேர்க்கையும் அக்குளிர்வாயுக்களிற் பலவும் தீங்கானவையென்று பிற்காலத்தில் விலக்கப்பட்டன. 1994 மே 12-ஆம் தேதி டெக்ஸாஸ் மாகாணத்தில் அவர் காலமானார்.

அவர் கண்ட பொருளின் பெருமையே இன்று அதன் தொல்லையாயிற்று. அது மக்குவதில்லை. 327 பாகை வெப்பத்தில் உருகினும் நீர்போல் ஓடுவதில்லை. ஆகையால் பட்டறையில் கடைந்து விழும் சீவல்களை மற்றப் பிளாஸ்டிக்குகளைப்போல் உருக்கி வார்த்தல் இயலாது. இதற்கும் அறிஞர் ஒரு வழி கண்டனர். கழிவின்மேல் எலெக்ட்ரான் கதிர்களைப் பாய்ச்சினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் துண்டுபட்டுப் பொருள் நொறுங்குந் தன்மை அடைகிறது. அதனை நுண்பொடியாக அரைத்து ரப்பரோடு கலக்கின்றனர். அவ்வாறு கலந்த ரப்பர், உராயும் இடங்களில் வழுக்கிச் செல்லும், தேய்வும் குறையும். எதனோடும் ஒட்டாத பொருள் ரப்பரோடு ஒட்டுவது எங்ஙனம்? கதிர் பாயுங்கால் காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து, பொடியின் மேற்பரப்பில் அமிலக் கூறுகளை உண்டாக்குகிறது. அவை ரப்பரோடு இணைவதற்குத் துணையாகின்றன. எனினும் அச்செயலிலேயே உடலுக்குத் தீங்கான வேறோர் அமிலமும் சிறிதளவு தோன்றுவதால், அதனை நீக்கும் கவனமும் வேண்டும்.

வெறும் உருளையென்று தோன்றியதை நிறுத்துப் பார்த்த கைகளே டெப்லானைத் தந்தன. பட்டறையின் குப்பையையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கும் கைகள் நம் மாணவரிடையே தோன்றுமாயின், அவர் விட்டுச்சென்ற வேலையின் மறுபாதி நிறைவேறும் என்பது நமது நம்பிக்கை.