கணக்கைச் சுருக்கிய அறிஞர் அல்லாடி இராமகிருஷ்ணன்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றவர்கள் என்பதில் நாம் பெருமை கொள்கின்றோம். அதே பல்கலைக்கழகம் பின்னாளில் உருவாக்கிய அல்லாடி இராமகிருஷ்ணனையும் எமது மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

1923 ஓகஸ்ட் 9 இல் பிறந்த அவர், இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர். தந்தையின் வழியில் சட்டம் பயின்றபோதிலும், அதனைத் துறந்து ஹோமி பாபாவிடம் பௌதிக ஆய்வுக்குச் சென்றார்.

அங்கு அவரை ஈர்த்தது அண்டக்கதிர்ப் பொழிவு. வளிமண்டலத்தினுள் நுழையும் ஒரு துணிக்கை பலவாகப் பெருகுகின்றது. எது எப்போது பிரியும் என்பது எழுமாற்றாகவே அமைகின்றது. 20 துணிக்கைகள் 10 சக்தி நிலைகளில் பரவக்கூடிய வகைகளே ஒரு கோடிக்கும் மேலாகும். அத்தனைக்கும் நிகழ்தகவு காண்பது எங்ஙனம்? அமெரிக்காவில் ஆர். ஆர். வில்சன் 1952 இல், சுழலும் உருளையொன்றினால் எழுமாற்றாக எண்களைத் தெரிந்து, பொழிவுகளை ஒவ்வொன்றாகப் போலச்செய்து பார்த்தார்.

இராமகிருஷ்ணன் வேறு வழி கண்டார். சராசரியும் அதிலிருந்தான ஏற்றத்தாழ்வுமே தேவையெனில், ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்ணும், நிலைச் சோடி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் போதும். மேற்கூறிய உதாரணத்தில் அவை 10 உம் 55 உமாக 65 எண்களே. சக்தி தொடர்ச்சியாக மாறும் நிலைக்கும் பொருந்துமாறு அவர் 1950 இல் வெளியிட்ட இம்முறை 'பெருக்க அடர்த்தி' எனப்படுகின்றது. மன்செஸ்டரில் எம். எஸ். பார்ட்லெட்டின் கீழ் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவர், சென்னையில் தமது இல்லத்திலேயே இளைஞருக்குக் கருத்தரங்குகள் நடத்தினார். 1960 இல் நீல்ஸ் போரும் அவ்வில்லத்துக்கு வருகை தந்தார். அம்முயற்சியே 1962 ஜனவரி 3 இல் கணித அறிவியல் நிறுவனமாக மலர்ந்தது. 1983 வரை அதன் பணிப்பாளராக விளங்கிய அவர், 2008 யூன் 7 இல் அமெரிக்காவில் காலமானார்.

இன்று உயிர்க்கலத்தின் இரசாயனத் தாக்கங்களையும் தொற்றுநோய்ப் பரவலையும் கணினிகள் போலச்செய்கின்றன. ஆயினும், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே கணித்தால் வலுமிக்க கணினியும் தளர்ந்துவிடும். பெருங் கணினிகளை எளிதிற் பெறவியலாத எமது குடாநாட்டு மாணவர், கணிக்குமுன் எது தேவையென வினவும் பழக்கத்தை அவரிடம் கற்பார்களாக. அதற்குத் தாளும் எழுதுகோலும் போதுமானவை.