தரையில் உட்கார்ந்த ஆடிட்டர்

1929-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி.

குஜராத்தில் உள்ள சபர்மதி ஆசிரமத்துக்கு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத மேல்நாட்டு உடை அணிந்திருந்தார். கையில் கைத்தடி. அவர் காந்தியடிகளைப் பார்க்க வந்தவர். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டார்.

அங்கே ஒரு முதியவர், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் கைத்தடியை ஊன்றியபடி நின்று அதை வேடிக்கை பார்த்தார்.

சிறிது நேரத்தில் முதியவர் நிமிர்ந்து பார்த்தார். குமரப்பா என்பவர் நீங்கள்தானா என்று விசாரித்தார். தாம் காண வந்த காந்தியடிகள் இவர்தான் என்று வந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது!

உடையின் மடிப்பு கலைந்துவிடுமே என்று அவர் யோசிக்கவில்லை. அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்தார். அவரோ எழுந்திருக்கவில்லை.

அவர்தான் தமிழ்நாடு தந்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா. சபர்மதிக்கு அவர் நேர்வழியில் வரவில்லை. லண்டனையும் நியூயார்க்கையும் சுற்றிக்கொண்டு வந்தார்.

வசதியான வாழ்க்கை

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தகப்பனார் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். தாயார் பெயர் எஸ்தர் ராஜநாயகம். பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பம்.

அந்தக் காலத்தில் படித்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் மதமும் மேல்நாட்டு நாகரிகமும் ஒன்றாகக் கலந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவார்கள். கோட்டு அணிவார்கள். வீட்டிலும் ஆங்கிலம் பேசுவார்கள். இவற்றில் எது கிறிஸ்துவின் வழி, எது வெள்ளைக்காரரின் வழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் எண்ணம் பலருக்கு வரவில்லை.

செல்லத்துரையும் அப்படித்தான் வளர்ந்தார். இளம் வயதில் லண்டனுக்குச் சென்றார். கணக்குத் தணிக்கை படித்து ஆடிட்டர் ஆனார். முதல் உலகப் போர் நடந்தபோது அவர் லண்டனில் இருந்தார். தாயார் கூப்பிட்டதால் 1919-ல் தாயகம் திரும்பினார்.

பம்பாயில் தொழில் நடத்தினார். கம்பெனிகளின் கணக்குகள் அவரிடம் வந்தன. கை நிறையப் பணமும் வந்தது. லண்டன் பயணம் அவருக்கு அந்தஸ்தைத் தந்தது. அதைப் பற்றி யோசிக்க வைத்தது அடுத்த பயணம்.

அமெரிக்காவில் திருப்பம்

1927-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். ஓய்வெடுக்கத்தான் போனார். ஆனால் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. சிராக்யூஸ் சர்வகலாசாலையில் சேர்ந்து வர்த்தக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

1928-ல் ஒரு தேவாலயத்தில் பேச அவரை அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அந்தப் பேச்சு பத்திரிகையில் வெளிவந்தது. கொலம்பியாவில் அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்தார். இதையே ஆராய்ச்சி செய்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

குமரப்பா இந்திய அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டார். கம்பெனிக் கணக்கில் பணம் எங்கே போயிற்று என்று தேடுவது ஆடிட்டரின் வேலை. அதே கண்ணோடு ஒரு நாட்டின் கணக்கைப் பார்த்தார்.

நிலவரியும் உப்பு வரியும் ஏழைகளிடமிருந்து வந்தன. செலவோ ராணுவத்துக்கும், கடனுக்கும், பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மிஞ்சியது சொற்பம்.

அந்த ஆட்சியின் நிழலில்தான் அவருடைய படிப்பும் தொழிலும் வளர்ந்திருந்தன. ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவேளை இது கண்ணில் படாமலே போயிருக்கும். கடல் கடந்து நின்று பார்த்தபோது கண்ணில் பட்டது.

தாயகம் திரும்பியவர் முன்னோர்களின் பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார். பிறகு மேல்நாட்டு உடையை விட்டுக் கதர் கட்டினார்.

பிஷப்போடு வாதம்

காந்தியடிகள் அவருடைய ஆராய்ச்சியைத் தமது யங் இந்தியா பத்திரிகையில் தொடர்ந்து வெளியிட்டார். கிராமங்களின் நிலையை நேரில் ஆராயும் வேலையையும் கொடுத்தார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாத்தார் தாலுகாவின் கிராமங்களில் கணக்கு எடுத்தார். நியூயார்க்கில் ஏட்டில் பார்த்த வறுமையை இங்கே வீடு வீடாகப் பார்த்தார்.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கியது. கல்கத்தாவில் இருந்த தலைமை பிஷப் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு கிறிஸ்தவர்களுக்கு ஏற்றதல்ல என்ற கருத்துடையவர். குமரப்பா அவருக்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார்.

இயேசு ஏழைகளோடு வாழ்ந்தவர். பகைவரையும் நேசிக்கச் சொன்னவர். அப்படியானால் அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் நிற்கும் சத்தியாக்கிரகியின் பக்கம் நிற்பதா, தடியடி நடத்தும் அரசாங்கத்தின் பக்கம் நிற்பதா? இதுதான் குமரப்பா திருச்சபையின் முன் வைத்த கேள்வி.

அவர் மதத்தை விடவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். கிறிஸ்துவைச் சாம்ராஜ்யத்தோடு சேர்த்து வணங்க மட்டும் மறுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல. தொழில் போயிற்று. வருமானம் போயிற்று. 1931 முதல் பல முறை சிறை சென்றார்.

1942-ல் தொடங்கிய போராட்டத்தின்போது ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. மற்றொன்று அழியாத பொருளாதாரம் எது என்பதைப் பற்றியது. அவருக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். பக்தி என்பது கோவிலில் முடிந்துவிடுவதில்லை. நாம் எதை வாங்குகிறோம், எதை உண்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

அரிசியில் ஒரு பாடம்

1934-ல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் அமைத்தார். அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் திருப்புலிவனத்தைப் போன்ற ஒரு நெல் விளையும் ஊரை நினைத்துப் பாருங்கள். ஊரில் விளைந்த நெல்லை ஊர்ப் பெண்கள் உரலில் குத்தினால் கூலி ஊரில் தங்கும். தவிடு மாட்டுக்கு ஆகும். அரிசியில் சத்தும் இருக்கும். அதே நெல் தூரத்து மில்லுக்குப் போனால் அரிசி பளபளவென்று வெள்ளையாக வரும். ஆனால் சத்து குறையும். குத்திப் பிழைத்த பெண்ணுக்கு வேலை போகும்.

சாப்பிடுகிறவருக்கு இது தெரியாது. இலையில் விழுந்த வெள்ளைச் சோறு மட்டும்தான் தெரியும். நம்முடைய வசதிக்காக யாருடைய வேலை போயிற்று என்று கேட்பது நம் கடமை என்றார் குமரப்பா.

அவர் மற்றவர்களுக்குச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. கைக்காகிதத்தில் எழுதினார். சிறு குடிசையில் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1951-ல் சீனாவுக்கும் பிறகு சோவியத் ரஷ்யாவுக்கும் சென்று வந்தார். முன்பு பட்டம் வாங்க வெளிநாடு போனவர், இப்போது அந்த நாட்டு உழவன் எப்படி வாழ்கிறான் என்று பார்க்கப் போனார்.

குடிசையில் ஒரு படம்

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்தில் உள்ள தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மதுரையில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் மறைந்ததும் அதே தேதியில்தான்.

அவருடைய குடிசையில் காந்தியடிகளின் படம் இருந்தது. அதோடு ஓர் ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்தது. அது யார் என்று கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் சொல்வார். காந்தியடிகள் தமக்கு எஜமானர். அந்த ஏழையோ தம் எஜமானருக்கே எஜமானர் என்பார்.