கிந்தன் ஏறிய ரயில்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இடுப்பில் இலைகளையும் தலையில் இறகுகளையும் கட்டிக்கொண்டு, பொருளற்ற கூச்சலுடன் ஆடினார்கள். அவர்களுடைய தாய்மார் சேலை உடுத்தி எதிரே அமர்ந்திருந்தனர். சாமை விதைத்து வாழும் அக்குடும்பங்களில் எவரும் இறகு சூடுவதில்லை. அந்த வேடம் சினிமா தந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நினைவு எனக்கு அங்கேதான் எழுந்தது.

1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகரானார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936-ல் வெளியான ‘சதி லீலாவதி’யில் நடித்தார். டி.ஏ.மதுரம் திரையிலும் வாழ்விலும் துணையானார்.

அக்காலத்து ஹாலிவுட் இசைப்படங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் வேலையாட்களாகவே வந்தனர். 1927-ன் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் வெள்ளையரான ஆல் ஜோல்சன் முகத்தில் கரிபூசிப் பாடினார். எளியவரைக் காட்டிச் சிரிக்கவைப்பது நம் கொட்டகைகளுக்கும் பழக்கமானதே.

கிருஷ்ணன் சிரிப்பின் திசையை மாற்றினார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947-ல் விடுதலையான அவர், 1949-ல் ‘நல்ல தம்பி’யை எடுத்தார். எழுதியவர் அண்ணா, மூலக்கதை ஃப்ராங்க் காப்ராவின் ஹாலிவுட் நகைச்சுவைப் படம். ஆனால், அப்படத்தின் உயிர் காப்ராவிடம் இல்லாத ஒன்று: ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். நந்தனார் சிதம்பரம் செல்ல ஏங்கினார். தீயில் மூழ்கிய பிறகே அவருக்குக் கோயில் திறந்தது. ஒடுக்கப்பட்ட சேரியில் பிறந்த கிந்தனோ ரயிலேறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், பள்ளி ஆய்வாளராகத் திரும்புகிறான். எந்தத் தீயிலும் அவன் குளிக்கவில்லை. சிரிப்புக்கு ஆளாகிறவர் அவனை இழிவாக எண்ணிய ஆசிரியர்தான்.

பாகவதர் வேடத்தில் இதைச் சொன்னவர் கிருஷ்ணனே என்பதையும் மறக்கலாகாது. கிந்தனின் கதையை இன்னொருவர்தான் சொன்னார். கிந்தனே மேடையேறிச் சொல்லவில்லை. அக்குறை கலைவாணருடையது மட்டுமன்று.

ஈட்டியதையெல்லாம் பிறர்க்கு வழங்கிவிட்டு 1957-ல், தம் 49-ஆம் வயது நிறையும் முன்பே அவர் மறைந்தார்.

விழா முடிந்ததும் இறகைக் கழற்றிய சிறுமி ஒருத்தியிடம், அடுத்த ஆண்டு என்ன வேடம் வேண்டும் என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், செவிலியர் என்றாள். இலைகளைக் கட்டிவிட்ட ஆசிரியர் அருகில்தான் நின்றிருந்தார்.