மருத்துவராய் வந்த மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே

கிளியனூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகளில் கோடையில் நீர் வற்றி வலை வீசும் நாளில், கூடையில் வந்து விழும் மீன்களைச் சற்றே கவனித்தால் ஒன்று விளங்கும். விராலும் கெளுத்தியும் அயிரையும் நம்மூர் மீன்கள். கட்லாவும் ரோகுவும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரியவை. ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்க மீன். 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. ஓரிடத்து மீனை வேறோரிடத்து நீரில் விடுவது நமக்குப் புதிய செய்தியன்று. ஆனால் தமிழகத்தில் இவ்வகையில் நடந்த பழைய முயற்சிகளுள் ஒன்று, உணவை முதன்மையாகக் கருதி எழுந்ததன்று. தூண்டில் விளையாட்டிற்காக எழுந்தது. நீலகிரி ஓடைகளில் ஐரோப்பிய டிரவுட் மீனைக் குடியேற்ற முயன்ற அம்மனிதரே, பின்னாளில் இந்திய மீன்களுக்கெல்லாம் விளக்க நூல் எழுதினார் என்பதுதான் வியப்பு. அவர் பெயர் பிரான்சிஸ் டே.

இவர் 1829-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் பயின்று, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டாம் பர்மியப் போரில் பணிபுரிந்தார். பின்னர்க் கொச்சியில் மருத்துவராக இருந்தபோதுதான் மீன்களின்பால் அவர் உள்ளம் ஆழமாகச் சென்றது. காயலும் கடலும் கூடுகிற ஊர் அது. மீன் ஆராய்பவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா? கொச்சி நாட்டின் வரலாற்றைப் பற்றி 1863-இல் ஒரு நூலும், மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

அக்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அவர் முன்பு டாஸ்மேனியாவை ஆண்டவர். இங்கிலாந்து மீன்களைத் தென்கோளத்திற்குக் கொண்டுசெல்லும் முயற்சி அவர் அங்கிருந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. உதகையிலோ ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுப் பூக்களையும் காய்கறிகளையும் பயிரிட்டு, ஏரியும் வெட்டி, ஒரு சிறு இங்கிலாந்தையே அமைத்துக்கொண்டிருந்தார்கள். குறை ஒன்றுதான். மலை உச்சி ஓடைகளில் தூண்டிலுக்கு ஈடுகொடுத்து இழுத்து விளையாடும் பெரிய மீன் இல்லை. இக்குறையைத் தீர்க்க 1863-இல் டே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார். முயற்சி பலிக்கவில்லை.

பலிக்காமற் போனதில் வியப்பில்லை. டிரவுட் முட்டை குளிர்நீரில் ஒரு மாதத்திற்கு மேல் கிடந்தே பொரிக்கும். நீர் சூடேறினால் கரு இறந்துபடும். சூயஸ் கால்வாயோ 1869-இல்தான் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஓடியது 1899-இல். செயற்கைப் பனிக்கட்டி பரவாத காலம் அது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் ஐஸ் ஹவுஸில், அமெரிக்கக் குளங்களிலிருந்து வெட்டிக் கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தார்கள் என்றால், வெயில் நாட்டினூடே குளிர்ச்சி குன்றாமல் முட்டையைக் கொண்டுசெல்வது எத்தகைய பாடு என்பதை நாமே உணரலாம். இதே வேலையை 1864-இல் டாஸ்மேனியாவில் செய்து முடித்தார்கள். பாசியில் பொதிந்த முட்டைகளைக் கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்துக் கொண்டுபோய்ப் பொரிக்கச் செய்தார்கள். ஆனால் அங்கே கப்பலைவிட்டு இறங்கியதும் குளிர்ந்த ஊர். இங்கே இறங்கியதும் சமவெளி வெப்பம்.

டிரவுட் வரவில்லை, ஆனால் நீலகிரிக்கும் அதன் அடிவாரத்து ஆறுகளுக்கும் உரிய மீன்களை டே கண்டுகொண்டார். பவானியிலும் பிற ஆறுகளிலும் மீன்களைத் திரட்டி, 1867-இல் லண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் கட்டுரை எழுதினார். அறிவியலுக்கு அதுவரை தெரியாதிருந்த பவானிக் கெண்டை ஒன்று அதில் பெயர் பெற்றது. அதற்கு முன், 1865-இல், திருவிதாங்கூர் மலையாற்றில் கிடைத்த, சிவப்புக் கோடிட்ட அழகிய சிறுமீனுக்கு ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டியிருந்தார். கேரளத்தில் மிஸ் கேரளா என்று வழங்கும் அம்மீன், இன்று அழகு மீன் வாணிகத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டு, அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

டேயின் வாழ்வில் நம் மாவட்டத்தவர் முதன்மையாக நினைக்கவேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன்வளம் கெடுகிறதா என ஆராயும் பணியைச் சென்னை அரசு அவரிடம் ஒப்படைத்தது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-இல் அமைத்த கீழணை, பழைய தென்னார்க்காட்டின் தென் எல்லையில் இருப்பது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீனுக்கு இத்தகைய அணைகள் பெருந்தடை. அணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி அமைக்கவேண்டும் என்பது டேயின் கருத்து. பாசனப் பொறியியலின் புகழ் ஓங்கியிருந்த காலத்தில், அணையின் மறுபக்கத்தைக் காட்ட ஓர் அரசு ஊழியருக்குத் துணிவு வேண்டும். அவர் கூறியது பொய்க்கவில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பின் காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு வெகுவாகக் குன்றிற்று.

1871-இல் இந்திய மீன்வளத்தின் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டு நாடெங்கும் சுற்றினார். கண்ணி சிறுத்த வலைகளால் குஞ்சுகளை வாரிவிடுவது, ஓடைகளில் நஞ்சு கலப்பது, முட்டையிட ஏறும் மீனை வழிமறித்துப் பிடிப்பது ஆகிய கேடுகளை எடுத்துக்காட்டும் அவரது அறிக்கை 1873-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இரண்டாம் மனைவியை இழந்தார்; முதல் மனைவியை 1869-இல் இழந்திருந்தார். நீர்நிலைகளில் வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்திய மீன்கள் என்னும் பெருநூலே அவரை உலகறியச் செய்தது. ஏறத்தாழ 200 படத்தகடுகள் கொண்ட நூல் அது. விரால், வாளை என நம் மக்கள் வழங்கும் பெயர்களையும் அவர் விடாமல் குறித்துக்கொண்டார். நூலகத்தில் அதைப் புரட்டும் விலங்கியல் மாணவர்கள், ஆங்கில எழுத்தில் நம்மூர்ச் சொற்களைக் கண்டு மகிழ்வார்கள்.

ஓய்வு பெற்றுச் செல்டன்ஹாமில் வாழ்ந்தபோது டே மீண்டும் டிரவுட்டிடமே திரும்பினார். ஸ்காட்லாந்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லாண்டின் ஹோவியட்டவுன் பண்ணையில் முட்டைகளையும் கலப்பினங்களையும் ஆராய்ந்து, 1887-இல் நூல் வெளியிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் பிரிட்டனின் டிரவுட்டைப் பல இனங்களாகப் பிரித்திருந்தார். அவை ஓரினத்தின் வேறுபாடுகளே என்றார் டே. இருவர்க்கும் நெடுநாள் பகை உண்டு. டே தாம் திரட்டிய மீன்களில் ஒரு பகுதியைச் சிட்னி அருங்காட்சியகத்திற்கு விற்றதற்கும் இப்பகையே காரணம் என்பர். டிரவுட் வழக்கில் பின்வந்த அறிவியல் பெரிதும் டேயின் பக்கமே நின்றது.

1889-இல், 1,400-க்கும் மேற்பட்ட இந்திய மீனினங்களை விளக்கும் இரு தொகுதிகள் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் டே மறைந்தார்.

நீலகிரியில் டிரவுட் நிலைத்ததை அவர் காணவில்லை. 1906-க்குப் பின் எச். சி. வில்சன் என்பார் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து அதனைச் செய்து முடித்தார். நிலைத்ததும் டே விரும்பிய ஐரோப்பிய டிரவுட்டன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட். சற்றே வெப்பமான நீரையும் தாங்கும் மீன் அது. இன்று அவ்விரு டிரவுட்டுகளும், புகுந்த இடத்து உயிர்களுக்குப் பெருங்கேடு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அயல்மீன் புகுந்த ஓர் ஓடையில் முன்பு எவை வாழ்ந்தன என்று அறிய விரும்புவோர், டேயின் 1867-ஆம் ஆண்டுக் கட்டுரையையும், கல்கத்தா, லண்டன், சிட்னி அருங்காட்சியகங்களின் குப்பிகளில் அவர் விட்டுச்சென்ற மீன்களையும்தான் நாடவேண்டியிருக்கிறது.