பொம்மையை நசுக்கிய கை

பொம்மலாட்டம் பார்த்திருப்பீர்கள். அரிச்சந்திரன் அழுவான். சந்திரமதி மயங்கி விழுவாள். அவர்களை ஆட்டுகிற கை மட்டும் நம் கண்ணில் படாது. கறுப்புத் துணிக்குப் பின்னால் அது மறைந்திருக்கும்.

அந்தக் கையைத் திரைக்கு முன்னால் இழுத்து வந்து காட்டினார் ஒருவர். ராஜா ராணிக் கதைகளைப் பொம்மைப் படங்களாக எடுத்து உலகப் புகழ் பெற்றவர். ஆனால், அவர் எடுத்த கடைசிப் படத்தை அரசாங்கம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டது!

அவர் பெயர் யிரி டிரங்கா.

தையற்காரி மகன்

இன்றைய செக் குடியரசில் இருக்கிறது பில்சன் நகரம். 1912-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி டிரங்கா அங்கே பிறந்தார். தகப்பனார் குழாய் வேலை செய்பவர். தாயார் துணி தைத்துக் கொடுப்பவர். சிறுவன் டிரங்கா மரத்தைச் செதுக்கிப் பொம்மை செய்வான். சேக்காளிகளைக் கூட்டி வைத்து ஆட்டம் காட்டுவான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் ஜோசப் ஸ்குபா. அந்த நாட்டின் பெயர் பெற்ற பொம்மலாட்டக்காரர் அவர். பையனின் கைத்திறமையைக் கண்டுகொண்ட ஆசிரியர், பெற்றோரிடம் பேசி, பிராக் நகரத்துக் கலைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்.

படித்து முடித்ததும் 1936-ல் டிரங்கா சொந்தமாக ஒரு பொம்மை நாடக சபை தொடங்கினார். அது நெடுநாள் நடக்கவில்லை. பிறகு குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு சினிமாவுக்கு வந்தார்.

மரம் அழுதது

பொம்மைப் படம் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பொம்மையின் கையை நூலளவு நகர்த்த வேண்டும். ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி நூலளவு நகர்த்த வேண்டும். ஒரு விநாடி ஓடுவதற்கு 24 படங்கள் தேவை!

சிரிப்பதற்கு ஒரு முகம், அழுவதற்கு ஒரு முகம் என்று மாற்றி மாட்டுவது டிரங்காவுக்குப் பிடிக்காது. ஒரே முகம்தான். தலையைச் சற்றே சாய்ப்பார். விளக்கு வெளிச்சத்தைக் குறைப்பார். அதே முகம் அழுவது போல் தோன்றும்.

ஆண்டர்சன் எழுதிய இராக்குயில் கதையை அவர் படமாக்கினார். சாவி கொடுத்தால் பாடுகிற பொம்மைக் குயிலில் மயங்கி, உயிருள்ள குயிலை மறந்த சீனச் சக்கரவர்த்தியின் கதை அது. ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தையும் பொம்மைகளை வைத்தே 1959-ல் எடுத்து முடித்தார்.

இதற்குள் நாட்டில் காலம் மாறியிருந்தது. சினிமாத் தொழில் 1945-ல் அரசாங்கத்தின் வசம் போயிற்று. 1948-ல் கம்யூனிஸ்டு கட்சி ஆட்சியைப் பிடித்தது. பணம் கொடுப்பதும் அரசாங்கம், எதை எடுக்கலாம் என்று சொல்வதும் அரசாங்கம். டிரங்காவுக்குப் பணமும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. குயில் கதையில் யார் குற்றம் காணப்போகிறார்கள்?

எல்லாக் கலைஞர்களுக்கும் அப்படி அமையவில்லை. பிராக் நகரத்துக் குன்றின் மேல் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டமான சிலை வைத்தார்கள். அதை வடிக்கும் பொறுப்பு ஓட்டகர் ஷ்வெட்ஸ் என்ற சிற்பியின் தலையில் விழுந்தது. 1955-ல், திறப்பு விழாவுக்குச் சற்று முன்பு, அவர் தற்கொலை செய்துகொண்டார். ஏழே வருடத்தில், சிலையை வைத்தவர்களே அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

கதவைத் தட்டியது யார்?

1965-ல் டிரங்கா தமது கடைசிப் படத்தை எடுத்தார். அதன் பெயர் ‘கை’. 20 நிமிடம் கூட ஓடாது. பேச்சே கிடையாது. அரசாங்க ஸ்டூடியோவில்தான் அதுவும் தயாரானது.

ஒரே ஒரு அறை. அதில் ஒரு குயவன் பொம்மை. அவனுக்கு ஒரு ரோஜாச் செடி. அதற்காகப் பூந்தொட்டி வனைவதுதான் அவன் வேலை, அவன் சந்தோஷம்.

கதவு தட்டப்படுகிறது. உள்ளே வருவது ஒரு கை. பொம்மைக் கை அல்ல, நிஜ மனிதனின் கை! அந்தச் சின்ன அறையில் அது ராட்சசனாகத் தெரிகிறது. பூந்தொட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்று சைகை காட்டுகிறது. குயவன் மறுக்கிறான். கை பரிசு கொடுத்துப் பார்க்கிறது. மயக்கிப் பார்க்கிறது. மிரட்டுகிறது. கடைசியில் அவனைப் பிடித்துத் தங்கக் கூண்டில் அடைத்து, கயிற்றில் கட்டி ஆட்டி, தனக்குச் சிலை செதுக்க வைக்கிறது.

குயவன் தப்பி வீட்டுக்கு ஓடி வருகிறான். கதவையும் ஜன்னலையும் ஆணி அடித்து மூடுகிறான். அவன் வனைந்த பூந்தொட்டியே மேலிருந்து தலையில் விழ, செத்துப் போகிறான். உடனே வந்து சேருகிறது அந்தக் கை. பதக்கம் வைத்து, மரியாதை செய்து, ஆடம்பரமாக அவனை அடக்கம் செய்கிறது!

குழந்தைக் கதை போல் ஆரம்பித்த படம் இது. முடியும்போது பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

1968-ல் குழந்தைப் புத்தக ஓவியத்துக்கான ஆண்டர்சன் பரிசு டிரங்காவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷிய டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தன. மறு ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி டிரங்கா காலமானார். வயது 57. பில்சனில் நடந்த இறுதிச் சடங்கில் பெருங்கூட்டம் கூடியது.

சில மாதம் கழித்து, ‘கை’ படத்துக்குத் தடை போட்டார்கள். பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்தப் படம் அங்கே இருட்டில் கிடந்தது.

1989-ல் ஆட்சி கவிழ்ந்தது. பிராக் தியேட்டர்களில் குயவன் பொம்மை மறுபடி தன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது.